பதுவை நகரில் ஒரு நடைச்சுற்று: வட்டிக்காரர் வீட்டுக் கோவிலிலிருந்து அந்தோனியார் கல்லறை வரை

#1 கால்நடையாய்

அம்மா ஊரிலிருந்து வந்து ஒரு மாதம் ஆகிறது. வரும்போதே ஒரு நிபந்தனை போட்டுவிட்டார்: ஐரோப்பாவில் வேறு எதைக் காட்டாவிட்டாலும் பரவாயில்லை, இத்தாலியில் இருக்கிற பதுவைக்கு மட்டும் கூட்டிப்போய்விட வேண்டும். உவரிப் பக்கம் பிறந்தவர். அந்தோனியாருக்கான செவ்வாய்க்கிழமை நவநாள் செபத்தை அவர் தவறவிட்டு நான் பார்த்ததில்லை. கோடி அற்புதரான அந்தோனியாரின் கல்லறை இருக்கிற ஊர், இங்கிருந்து ரயிலில் ஒரு நாள்கூட ஆகாது. விடுவாரா?

நான் சாமி விஷயத்தில் கொஞ்சம் தூரம் நிற்கிறவன். கோவில் மட்டும் என்றால் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும், மீதி நாளை என்ன செய்வது என்று யோசித்துத் தேடியபோதுதான் தெரிந்தது, பதுவையின் 14-ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்களை 2021-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. எட்டு இடங்கள். எல்லாம் பழைய நகரத்துக்குள், நடந்தே போகலாம். சரி என்று ஒரு நாள் முழுக்க நடக்கிற சுற்றில் இரண்டு பேருக்குப் பதிவு செய்தேன்.

மொத்தம் பன்னிரண்டு பேர். கைடு ஐம்பதைத் தாண்டிய ஓர் அம்மணி. காலை ஒன்பது மணிக்கு அரேனா பூங்காவில் எல்லோரையும் பெஞ்சில் உட்காரவைத்து அவர் சொன்ன முதல் வாக்கியமே வித்தியாசமாக இருந்தது: இந்த ஊர்ப் படங்கள் புரிய வேண்டுமென்றால் வட்டிக் கணக்கிலிருந்து தொடங்க வேண்டும்.

பதுவையில் ரெஜினால்தோ ஸ்க்ரோவென்யி என்று பெரிய வட்டிக்காரர் இருந்தார். எவ்வளவு பேர்போனவர் என்றால், கவிஞர் தாந்தே தன் காவியத்தின் நரகப் பகுதியில் வட்டிக்காரர்களை உட்காரவைத்திருக்கும் இடத்தில் இவரும் இருக்கிறார். பெயரைச் சொல்லவில்லை. சுடுமணலில் உட்கார்ந்திருக்கும் ஒருவன் கழுத்தில் வெள்ளைப் பணப்பை தொங்குகிறது, அதில் நீல நிறத்தில் சினைப்பன்றி. அது ஸ்க்ரோவென்யி குடும்பச் சின்னம். அந்தக் காலத்து ஆட்களுக்கு அதற்குமேல் சொல்லத் தேவையில்லை.

அவர் மகன் என்ரிகோ 1300-இல் பழைய ரோமானிய அரங்கம் இருந்த நிலத்தை வாங்கி மாளிகை கட்டி, பக்கத்திலேயே மாதாவுக்கு ஒரு கோவிலும் கட்டினார். உள்ளே படம் எழுத ஃபுளோரன்ஸ் ஓவியர் ஜோத்தோவை அமர்த்தினார். 1303 வாக்கில் வேலை தொடங்கியது. 1305 மார்ச் 25-ஆம் தேதி, மங்கள வார்த்தைத் திருநாளில், கோவில் அர்ச்சிக்கப்பட்டது.

உள்ளே போவதே ஒரு சடங்கு மாதிரிதான். முதலில் கண்ணாடி அறை ஒன்றில் கால் மணி நேரம் அடைத்துவைக்கிறார்கள். நம் உடம்பின் ஈரமும் வெளித்தூசியும் அடங்கி, காற்று சமநிலைக்கு வந்த பிறகுதான் அடுத்த கதவு திறக்கும். ஒரு தடவைக்கு 25 பேர், உள்ளே இன்னொரு கால் மணி நேரம். கைடு முன்பே சொல்லிவிட்டார், உள்ளே நான் வாயைத் திறக்க மாட்டேன் என்று. சொல்ல வேண்டியதையெல்லாம் வெளியே பூங்காவில், அச்சிட்ட படங்களை வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் சொல்லித் தீர்த்துவிட்டார். அவருக்குக் கொடுத்த காசு இதற்கே செரித்துவிட்டது.

கோவில் சின்னதுதான். நீளம் சுமார் 21 மீட்டர், அகலம் எட்டரை. ஆனால் தரையருகே தொடங்கி கூரை வரை ஒரு சாண் சுவர்கூட வெறுமையாக இல்லை. மேலே நீல வானம், பொன் நட்சத்திரங்கள். சுவர்களில் மூன்று வரிசையாகக் கதை ஓடுகிறது: மாதாவின் பெற்றோர் சுவக்கீனும் அன்னம்மாளும், பிறகு மாதா, பிறகு இயேசு.

அம்மாவுக்குக் கைடே தேவைப்படவில்லை. "இது அன்னம்மாள், இது பொன்வாசல்" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே போனார். பிள்ளையில்லாமல் ஊர் ஏசிய கிழவனும் கிழவியும் நகரவாசலில் சந்தித்து முத்தமிடுகிற படம் அது. இரண்டு முகமும் ஒன்றாகிவிட்டது மாதிரி இருக்கும். பக்கத்தில் கறுப்புத் துணியால் முகத்தைப் பாதி மறைத்த ஒரு பெண், கூட்டத்தில் அவள் மட்டும் சிரிக்கவில்லை. யார் அவள் என்று இன்றுவரை அடித்துக்கொள்கிறார்களாம்.

நான் தேடியது பணத்தை. கைடு அப்படித் தேடச் சொல்லியிருந்தார். பீடத்துக்கு மேலே வளைவின் ஒரு பக்கம் யூதாஸ் பணப்பையை வாங்கிக்கொண்டு நிற்கிறான், முதுகுக்குப் பின்னால் கரிய பிசாசு. வளைவின் மறுபக்கம் மாதாவும் எலிசபெத்தம்மாளும் கட்டிக்கொள்கிறார்கள். இயேசு ஆலயத்திலிருந்து வியாபாரிகளை விரட்டுகிற படமும் இருக்கிறது. வாசல் சுவர் முழுக்கக் கடைசித் தீர்வை, அதாவது உலக முடிவில் கடவுள் தரும் தீர்ப்பு. அதில் நரகத்தின் பக்கம் சிலர் தங்கள் பணப்பையின் கயிற்றிலேயே தூக்கில் தொங்குகிறார்கள். அதே சுவரில், கீழே சிலுவையருகே, என்ரிகோ முழங்காலிட்டு இந்தக் கோவிலின் மாதிரியை மாதாவிடம் நீட்டுகிறார். வட்டிக்காரன் மகன் தன் காசைக் கொடுத்து, வட்டிக்காரர்கள் தொங்குகிற படத்தை எழுதச் சொல்லி, அதே சுவரில் தன்னை மட்டும் மோட்சத்தின் பக்கம் நிறுத்திக்கொண்டார்.

கதவு திறந்து வெளியே வரச் சொன்னபோது எனக்குப் பாதிகூடப் பார்த்து முடியவில்லை. மீதி ஊர்க் கதையை அடுத்த பதிவில் எழுதுகிறேன். அதற்குள் ஒரு கேள்வி: இந்த என்ரிகோ உண்மையாகவே அப்பா பாவத்துக்குப் பரிகாரம் செய்தாரா, இல்லை பெரிய மனுஷத்தனம் காட்டினாரா?

#2 சந்தேகப்பேர்வழி

நல்லாத்தான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் நடைச்சுற்றுக்குக் காசு கொடுப்பதில் எனக்கு உடன்பாடு கிடையாது. இந்தக் கதை எல்லாம் கைபேசியிலேயே கிடைக்கிறது. ஃபுளோரன்ஸில் ஒரு தடவை மாட்டிக்கொண்டேன். முப்பது பேர், காதில் ஒரு கருவி, தலைக்கு மேலே தூக்கிப்பிடித்த குடை. மூன்று மணி நேரத்தில் நான் பார்த்த ஒரே கலைப்பொருள் அந்தக் குடைதான்.

அப்புறம் பரிகாரக் கதை. கைடுகளுக்கு ஒரு மசாலா வேண்டும். பாவி, பரிகாரம், பெரிய ஓவியர். டிக்கெட் விற்கிற கதை. ஊரில் பணம் இருந்தவனெல்லாம் கோவில் கட்டிய காலம் அது.

#3 நெய்தல்

அந்த ஊரில் இரண்டு வருடம் படித்தவள் என்ற உரிமையில் மூக்கை நுழைக்கிறேன்.

சந்தேகப்பேர்வழி அண்ணா பாதி சரி. பரிகாரக் கதையை வரலாற்றாசிரியர்கள் எல்லோரும் அப்படியே ஏற்பதில்லை. அப்பாவின் வட்டிப் பாவத்தைக் கழுவத்தான் கட்டினேன் என்று என்ரிகோ எழுதிவைத்த பத்திரம் எதுவும் இல்லை. அவரும் லேசுப்பட்ட ஆள் இல்லை. 1304-இல் போப்பாண்டவரிடம் இந்தக் கோவிலுக்கு வருகிறவர்களுக்குப் பாவத் தண்டனைக் குறைப்பு வாங்கினார், அதாவது கூட்டம் வர வழி செய்தார். அதற்கடுத்த ஆண்டு ஜனவரியில் பக்கத்து எரெமிதானி மடத்துத் துறவிகள் புகார் எழுதினார்கள்: இது வீட்டுக் கோவிலாக இருக்க வேண்டியது, மணிக்கூண்டு வைத்துப் பெரிய கோவில் மாதிரி கட்டுகிறார், பக்திக்காக இல்லை, பகட்டுக்காக என்று. காணிக்கை தங்கள் பக்கம் குறையும் என்ற கவலையும் அவர்களுக்கு இருந்திருக்கும்.

இன்னொன்று. இன்று கோவில் பூங்கா நடுவே தனியாக நிற்பதால் பலருக்கும் இது தெரிவதில்லை: வடக்குச் சுவரில் ஒரு சன்னல்கூடக் கிடையாது, தெற்கில் மட்டும் ஆறு. ஏனென்றால் வடக்கே என்ரிகோவின் மாளிகை ஒட்டி நின்றது. அதை 1827-இல் இடித்துவிட்டார்கள். கோவிலைப் பிறகு 1880-இல் நகராட்சி வாங்கியது. அந்தப் படங்களை முதலில் பார்த்தவர்கள் பக்கத்து மாளிகையிலிருந்து வந்த சொந்தபந்தமும் பெரிய மனிதர்களும். அந்த மாளிகையை மனதில் ஒட்டிவைத்துப் பார்த்தால் என்ரிகோவின் பகட்டும் தெரியும், பயமும் தெரியும். இரண்டில் ஒன்றுதான் இருக்க வேண்டும் என்று என்ன கட்டாயம்?

ஆனால் கைடு வேண்டாம் என்பதில் எனக்குச் சம்மதமில்லை. கால்மணி நேரம்தான் கொடுக்கிறார்கள். அதில் தலையைக் குனிந்து கைபேசியில் தேடிக்கொண்டிருந்தால் மேலே பார்ப்பது யார்?

கால்நடையாய் தம்பி, கீழ்வரிசையைப் பார்த்தீர்களா? பளிங்குச் சிலை மாதிரி சாம்பல் நிறத்தில் ஏழு புண்ணியங்கள், எதிர்ச் சுவரில் ஏழு பாவங்கள். பொறாமை என்கிறவள் ஒரு கையில் பணப்பையைப் பிடித்துக்கொண்டு தீயில் நிற்பாள். அவள் வாயிலிருந்து பாம்பு வெளிவந்து, வளைந்து, அவள் கண்ணையே கொத்தும். நான் பரீட்சை எழுதிய நாட்களில் அவளைத்தான் போய்ப் பார்ப்பேன். ஏனென்று கேட்காதீர்கள்.

#4 காரைவீடு

ஓவியம் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, சுண்ணாம்பு தெரியும். கட்டட வேலைதான் பிழைப்பு. இழையில் "சுவரோவியம்" என்று போகிற போக்கில் சொல்கிறீர்கள், அதில் ஒரு சங்கதி இருக்கிறது.

ஈரச் சுண்ணாம்புப் பூச்சின்மேல் தண்ணீரில் கரைத்த வண்ணத்தை எழுதுவதுதான் இந்த முறை. பசையே கிடையாது. பூச்சு காயும்போது சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து மறுபடி கல்லாகிறது. வண்ணம் அந்தக் கல்லுக்குள் மாட்டிக்கொள்கிறது. எழுநூறு வருடம் நிற்பது இதனால்தான். அதனால் ஒரு நாளில் எவ்வளவு எழுத முடியுமோ அவ்வளவுக்குத்தான் பூச்சு பூசுவார்கள். உற்றுப் பார்த்தால் ஒரு நாள் வேலைக்கும் மறுநாள் வேலைக்கும் நடுவே மெல்லிய ஒட்டு தெரியும். முகத்துக்கு ஒரு நாள், மலைக்கு ஒரு நாள். தப்பாகிவிட்டால் அழிக்க முடியாது, கொத்தி எடுத்துவிட்டுத் திரும்பப் பூச வேண்டும்.

ஒரு கேள்வி. படங்களில் மாதாவின் மேலாடை பல இடத்தில் வெளுத்துக் கிடக்கிறது. அது நீலமாக இருந்திருக்க வேண்டும் இல்லையா?

#5 நெய்தல்

ஆமாம், நீலம்தான். அங்கே பயன்படுத்திய செம்புத்தாது நீலம் ஈரச் சுண்ணாம்போடு ஒத்துப்போகாது. அதனால் சுவர் காய்ந்த பிறகு பசை சேர்த்து மேலே தடவினார்கள். நீங்கள் சொன்ன அந்தக் கல்லுக்குள் அது போகவில்லை, மேலே ஒட்டிக்கொண்டு மட்டும் இருந்தது. ஈரம் பட்டுப் பட்டு உதிர்ந்துவிட்டது. அந்தக் கண்ணாடி அறையில் கால் மணி நேரம் அடைப்பதும் இந்த ஈரத்துக்குப் பயந்துதான்.

#6 கால்நடையாய்

நெய்தல் அக்கா, அந்தப் பொறாமையைப் பார்த்தேன். அம்மா அவளைப் பார்த்துவிட்டு எங்கள் தெருவில் ஒருவர் பெயரைச் சொன்னார். அதை இங்கே எழுத மாட்டேன்.

சந்தேகப்பேர்வழி அண்ணா, குடைக் கொடுமை எனக்கும் தெரியும். அதற்காகத்தான் பதினைந்து பேருக்கு மேல் சேர்க்காத சுற்றாகத் தேடிப் பிடித்தேன். அதற்கு முன்னால் ஏமாந்த கதையும் உண்டு. ஒரு இணையதளத்தில் "ஜோத்தோ நடை" என்று போட்டிருந்ததை நம்பிப் பணம் கட்டினேன். பிறகு பொடி எழுத்தில் படித்தால், கோவிலை வெளியிலிருந்து காட்டுவார்களாம், உள்ளே போக நுழைவுச்சீட்டு நாமே தனியாக வாங்க வேண்டுமாம். பாதிப் பணம்தான் திரும்பி வந்தது. யாராவது போவதாக இருந்தால் இதைக் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்: உள்நுழைவு நேரம் உங்கள் பெயரில் பதிவாகியிருக்கிறதா? அன்று காலையில் போய் வாங்கிக்கொள்ளலாம் என்று நம்பிப் போகாதீர்கள்.

மீதி நடை.

பூங்காவிலிருந்து கூப்பிடு தூரத்தில் எரெமிதானி கோவில். அக்கா சொன்ன புகார் எழுதிய துறவிகளின் கோவில்தான். 1944 மார்ச் 11 அன்று நேச நாட்டு விமானங்கள் போட்ட குண்டு இதன்மேல் விழுந்தது. ஜோத்தோ கோவில் தப்பியது. இங்கே ஒவெதாரி சிற்றாலயம் நொறுங்கியது. அதில் படம் எழுதத் தொடங்கியபோது ஓவியர் மந்தேன்யாவுக்குப் பதினேழு வயதுதான். இடிபாட்டிலிருந்து பொறுக்கிய துணுக்குகளைப் பெட்டி பெட்டியாக வைத்திருந்து, பல பத்தாண்டு கழித்து, பதுவைப் பல்கலைக்கழகக் கணிதக்காரர்கள் கணினி வைத்து எந்தத் துணுக்கு எங்கே என்று கண்டுபிடித்தார்களாம். போருக்கு முன் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களைச் சுவரில் பெரிதாக வைத்து, கிடைத்த வண்ணத் துணுக்குகளை அதனதன் இடத்தில் ஒட்டியிருக்கிறார்கள். சாம்பல் நிறச் சுவரில் திடீரென்று ஒரு சிவப்பு, ஒரு கால் விரல். ஒன்றிரண்டு காட்சிகளை 19-ஆம் நூற்றாண்டிலேயே சுவரிலிருந்து பெயர்த்து வேறிடத்தில் வைத்திருந்ததால் அவை மட்டும் முழுசாகத் தப்பின. எங்கள் கூட்டத்தில் பாதிப் பேர் இங்கே இரண்டு நிமிடம்கூட நிற்கவில்லை. எனக்கு அன்று முழுக்கப் பார்த்ததில் இதுதான் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

பல்கலைக்கழகத்தை வெளியிலிருந்துதான் பார்த்தோம். 1222-இல் தொடங்கியது. கலிலியோ 18 வருடம் பாடம் நடத்தினார். 1678-இல் எலேனா கொர்னாரோ பிஸ்கோபியா என்ற பெண் இங்கே தத்துவத்தில் முனைவர் பட்டம் வாங்கினார், உலகத்தில் அந்தப் பட்டம் வாங்கிய முதல் பெண் என்கிறார்கள். எதிரே பெத்ரோக்கி காபிக்கடை. அதன் பச்சை அறையில் எதுவும் வாங்காமல் எவ்வளவு நேரமும் உட்காரலாம் என்பது பழைய வழக்கம். அம்மா நம்பவில்லை. உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் நம்பினார்.

அப்புறம் சந்தைச் சதுக்கங்கள். நடுவே பலாஸ்ஸோ தெல்லா ராஜோனே, அந்தக் காலத்து நீதிமன்றம். கீழே கறிக்கடை, பாலாடைக்கட்டிக் கடை. மேலே 80 மீட்டர் நீளத்துக்குத் தூணே இல்லாத ஒரே கூடம், கவிழ்த்துவைத்த கப்பல் மாதிரி மரக் கூரை. சுவர் முழுக்க ராசிகள், கிரகங்கள், மாதங்கள். முதலில் இருந்த படங்கள் 1420 தீவிபத்தில் போய்விட்டன, இப்போது இருப்பவை அதற்குப் பிறகு எழுதியவை.

அந்தக் கூடத்தின் ஒரு மூலையில் கறுப்புக் கல் ஒன்று கிடக்கிறது. அவமானக் கல் என்று பெயர். கடன் கட்ட முடியாதவனை வெறும் உள்சட்டையோடு கொண்டுவந்து, ஊரார் பார்க்க இந்தக் கல்லில் மூன்று முறை உட்கார்ந்து எழச் சொல்வார்கள். ஒவ்வொரு தடவையும் "என் சொத்தை விட்டுக்கொடுக்கிறேன்" என்று லத்தீனில் சொல்ல வேண்டும். பிறகு ஊரைவிட்டுப் போய்விட வேண்டும். கொடுமைதான். ஆனால் கைடு சொன்னது: அதற்கு முன்னால் கடன்காரன் சிறையிலேயே கிடந்து சாக வேண்டியதுதான். 1231 மார்ச்சில் அந்த வழக்கத்தை மாற்றிச் சட்டம் போட்டார்கள். சொத்தை ஒப்படைத்தவனைச் சிறையில் வைக்கக் கூடாது என்று. அந்தச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறதாம், இது சகோதரர் அந்தோனி கேட்டுக்கொண்டதால் போட்டது என்று.

அம்மாவுக்கு நான் தமிழில் சொன்னேன். "எந்த அந்தோனி?" என்றார். உங்கள் அந்தோனியார்தான் என்றேன். கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளப் போனார். காவலர் கையைக் காட்டித் தடுத்துவிட்டார்.

அடுத்த சதுக்கத்தில் ராசிச் சக்கரம் போட்ட பெரிய கடிகாரம். அதில் துலாம் ராசி இல்லை. செய்தவருக்குப் பேசிய கூலியைக் கொடுக்காததால், இந்த ஊரில் நியாயமே இல்லை என்று தராசை விட்டுவிட்டாராம்.

#7 நெய்தல்

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். அந்தக் கடிகாரக் கதையை எல்லாக் கைடும் சொல்வார்கள், ஊர்க்காரர்களும் சொல்வார்கள், நானும் இரண்டு வருடம் நம்பினேன். பழைய கிரேக்க முறையில் துலாம் தனி ராசி இல்லை, விருச்சிகத்தின் கொடுக்குகளாகத்தான் கருதினார்கள். கடிகாரத்தைப் பாருங்கள், தேள் இரண்டு வீட்டுக்கு நீண்டு கிடக்கும். கூலிப் பாக்கி கதை அழகாக இருப்பதால் சாகவே மாட்டேன் என்கிறது.

#8 சந்தேகப்பேர்வழி

ஆக, காசு கொடுத்து வைத்த கைடு கட்டுக்கதை சொன்னார். நான் சொன்னேனா இல்லையா.

#9 நெய்தல்

ஒரு கட்டுக்கதைக்காக ஒரு நாள் முழுக்கத் தள்ளிவிடுவீர்களா? அந்தக் கறுப்புக் கல்லையும் ஸ்க்ரோவென்யி கோவிலையும் ஒரே கதையாக முடிச்சுப் போட்டது அதே கைடுதானே. நான் இரண்டு வருடம் அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் திரிந்தும் எனக்கு அந்த முடிச்சு தோன்றவில்லை.

#10 தூத்துக்குடி மக்ரூன்

எல்லாம் சரி, கோவிலுக்கு எப்போது வருவீர்கள்? நானும் மூணு நாளாக இந்த இழையைத் திறந்து திறந்து பார்க்கிறேன். அந்தோனியாரின் அழியாத நாவு என்று சொல்வார்களே, உண்மையிலேயே வைத்திருக்கிறார்களா? அப்புறம் செவ்வாய்க்கிழமைக்கு என்ன கணக்கு என்று எங்கள் சாமியாரிடம் கேட்டும் சரியான பதில் வரவில்லை.

#11 கால்நடையாய்

வந்துவிட்டேன். இடையில் பேராலயத்தை ஒட்டிய ஞானஸ்நான ஆலயம் ஒன்று உண்டு. அதை மட்டும் சொல்லிவிட்டு வருகிறேன், விட மனசில்லை. 1370-களில் பதுவையை ஆண்ட கர்ராரா பிரபுவின் மனைவி ஃபீனா புத்ஸக்கரீனி தன் கல்லறைக்காக இதைத் தேர்ந்து, ஓவியர் ஜுஸ்தோ தெ மெனபுவோயை வைத்து எழுதச் சொன்னார். மேலே அண்ணாந்தால் நடுவில் இயேசு, சுற்றிலும் வட்டம் வட்டமாக நூற்றுக்கணக்கான புனிதர்கள், எல்லோரும் நம்மையே குனிந்து பார்க்கிற மாதிரி. எனக்குக் கழுத்து வலித்தது. அம்மா நாற்காலியில் சாய்ந்து பத்து நிமிடம் பார்த்தார். பின்னால் 1405-இல் வெனிஸ்காரர்கள் ஊரைப் பிடித்த பிறகு கல்லறையை அகற்றிவிட்டார்கள், படங்களில் ஃபீனா இன்னும் முழங்காலில் இருக்கிறார்.

இப்போது அந்தோனியார்.

அந்த ஊரில் அவர் பெயரை யாரும் சொல்வதில்லை. "புனிதர்" என்றால் போதும். பெயரில்லாத புனிதர், புல்லில்லாத புல்வெளி, கதவில்லாத காபிக்கடை என்று பதுவையைப் பற்றிச் சொலவடையே உண்டு. புல்வெளி என்பது கோவிலுக்குத் தெற்கே உள்ள பெரிய சதுக்கம், சுற்றிலும் 78 சிலைகள். காபிக்கடை நாங்கள் சும்மா உட்கார்ந்த அதே கடை, முன்பு இரவு பகல் மூடாமல் நடந்ததால் அந்தப் பெயர்.

கோவிலுக்கு முன்னால் சிற்பி டொனாடெல்லோவின் வெண்கலக் குதிரைவீரன், 1453. கூலிப்படைத் தளபதி ஒருவரின் சிலை. பட்டப்பெயர் கத்தமெலாத்தா, தேன்பூனை என்று பொருள். குதிரை ஒரு முன்னங்காலைப் பீரங்கிக் குண்டின்மேல் ஊன்றி நிற்கிறது. அம்மா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

உள்ளே இடதுபக்கச் சிற்றாலயத்தில் கல்லறை. நுழைவு இலவசம். வரிசையில் போய், பீடத்துக்குப் பின்பக்கம் பச்சைப் பளிங்குப் பலகையில் கையை வைத்து நிற்கிறார்கள். அருகே புகைப்படங்கள்: குழந்தைகள், நொறுங்கிய கார்கள், மருத்துவமனைப் படுக்கைகள். இது நம் ஊர்தான் என்று தோன்றியது.

சிற்றாலயத்தைச் சுற்றி ஒன்பது பெரிய பளிங்குச் சிற்பப் பலகைகள், எல்லாம் அந்தோனியாரின் அற்புதங்கள். ஒரு பலகை முன்னால் கைடு நின்று, இது துல்லியோ லொம்பார்தோ 1525-இல் முடித்தது என்று தொடங்கினார். செத்துக்கிடக்கும் ஒருவனின் மார்பைக் கிழித்து வைத்திருக்கிறார்கள், சுற்றிலும் ஆட்கள் பதறுகிறார்கள்.

அம்மா என் சட்டையை இழுத்தார். "எய்யா, இந்தக் கதை எனக்குத் தெரியும்லா. வட்டிக்காரன் செத்துப்போனான். அந்தோனியார் அடக்கப் பூசையில சொன்னாரு, இவன் நெஞ்சு இங்க இல்ல, பணப்பெட்டியில கெடக்குன்னு. அறுத்துப் பாத்தா நெஞ்சைக் காணோம். பெட்டியத் தெறந்தா அங்க சூடா இருந்துச்சு."

நான் அதை ஆங்கிலத்தில் கைடிடம் சொன்னேன். அவர் ஒரு நிமிடம் பேசாமல் நின்றுவிட்டு, கூட்டத்திடம் "இந்த அம்மா சொல்லிவிட்டார்" என்றார். பிறகு பெரிய பீடத்தின் பக்கம் கையைக் காட்டினார். எழுபது எண்பது வருடத்துக்கு முன்பே டொனாடெல்லோ அதே அற்புதத்தை அங்கே வெண்கலத்தில் செய்து வைத்திருக்கிறாராம். ஒரே கோவிலில் ஒரே வட்டிக்காரன் இரண்டு தடவை.

காலையில் பூங்காவில் கைடு ஏன் வட்டியில் தொடங்கினார் என்பது எனக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. அந்தப் பெண்மணி ஒன்பது மணியிலிருந்து எங்களை அந்தப் பலகை முன்னால் கொண்டுவந்து நிறுத்தத்தான் நடத்தியிருக்கிறார். அம்மா முந்திக்கொண்டார்.

மக்ரூன், நாவு இருக்கிறது. பீடத்துக்குப் பின்னால் திருப்பண்டச் சிற்றாலயத்தில், பொன் பேழைக்குள். 1263-இல் உடலைப் புதிய கோவிலுக்கு மாற்றக் கல்லறையைத் திறந்தபோது, உடல் மக்கிப்போயிருக்க நாவு மட்டும் அப்படியே இருந்ததாகப் பதிவு. அப்போது பக்கத்தில் இருந்தவர் புனித பொனவெந்தூர். இப்போது பார்க்க ஒரு கறுத்த சிறு பொருள். தாடை எலும்பும் இன்னொரு பேழையில் உண்டு.

செவ்வாய்க்கிழமை: அவர் இறந்தது 1231 ஜூன் 13, வெள்ளிக்கிழமை, ஊருக்கு வடக்கே ஆர்ச்செல்லாவில். உடல் யாருக்கு என்று ஊருக்குள் சண்டை வந்து நான்கு நாள் இழுத்தது. அடக்கம் நடந்தது 17-ஆம் தேதி, செவ்வாய். ஒரு வருடம் ஆகும் முன்பே, 1232 மே 30 அன்று, புனிதர் பட்டம் கொடுத்துவிட்டார்கள்.

#12 தூத்துக்குடி மக்ரூன்

செவ்வாய் அடக்கம்! இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன், நன்றி அண்ணா. அம்மாவை விசாரித்ததாகச் சொல்லுங்கள். என் மாமியாருக்கும் முழங்கால் வலி, அவ்வளவு நடக்க முடியுமா?

#13 கால்நடையாய்

நடந்தது மொத்தம் நான்கு கிலோமீட்டருக்குள்தான். ஊர் சமதளம், பெரும்பாலான தெருக்களில் வளைவுத் தாழ்வாரம் இருப்பதால் வெயிலும் மழையும் தெரியாது. கல் பாவிய தெருவுக்குத் தட்டைச் செருப்பு ஆகாது, நல்ல காலணி வேண்டும். ரயில் நிலையத்திலிருந்து அந்தோனியார் கோவில் பக்கம் டிராம் போகிறது, முடியாவிட்டால் ஏறிக்கொள்ளலாம். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். சேலை கட்டியவர்களுக்குப் பிரச்சினையே இல்லை. சின்னக் கோவில்கள் சிலவற்றை மதியம் சாத்திவிடுவார்கள், அதனால் அவற்றைக் காலையிலேயே முடித்துவிடுங்கள்.

#14 சந்தேகப்பேர்வழி

சரி, ஒத்துக்கொள்கிறேன், இந்தக் கைடு பரவாயில்லை. ஒன்று கேட்கலாமா? அம்மா எதற்காக அவ்வளவு பிடிவாதமாகப் பதுவைக்குப் போக வேண்டும் என்றார்? நேர்ச்சையா? தனிப்பட்ட விஷயமென்றால் விட்டுவிடுங்கள்.

#15 கால்நடையாய்

தனிப்பட்டதுதான், ஆனால் அம்மா சொல்லலாம் என்கிறார். நான் பத்தாவது படிக்கும்போது அப்பாவின் படகு இன்ஜின் போய்விட்டது. அம்மா தன் செயினைக் கடைத்தெருவில் வட்டிக்கு வைத்தார். மீட்க மூன்று வருடம் ஆனது, கட்டிய வட்டி அசலைத் தாண்டிவிட்டது. மீட்டால் உம் கல்லறைக்கே வருகிறேன் என்று அப்போது அந்தோனியாரிடம் சொல்லிவைத்திருக்கிறார். எனக்கு இது பச்சைப் பளிங்கில் அவர் கைவைத்து நின்று திரும்பிய பிறகுதான் தெரியும். இருபத்தைந்து வருடம் அந்த நேர்ச்சையை ஒருவரிடமும் சொல்லவில்லை.

#16 கால்நடையாய்

திருத்தம். இதைப் படித்துக் காட்டினேன். செயின் இல்லையாம், வளையல். ஒரு ஜோடி.